கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த பேங்க்?

கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கோலாலம்பூரில் கொண்டுபோய் விடவேண்டும். பிடிபிடிஎன் எனும் அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு மனுப் போடப் போகிறார்கள். மகள் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது திறந்த பிஎஸ்என் (தேசியச் சேமிப்பு வங்கி) புத்தகம் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. அது போதுமா? புதிதாகத் திறப்பதென்றால் வட்டி அதிகம் தருவது எந்த பேங்க்? தன் பெயரையும் சேர்த்து ஜாயின்ட் கணக்காகத் திறந்தால் பிள்ளையின் செலவைக் கவனிக்கலாமா? கேள்வி மூன்று.

நான் கோலாலம்பூரில் பேங்க் கவுண்டரிலும் பிறகு உள்ளே மேசையிலுமாக இருபத்தெட்டு ஆண்டு உட்கார்ந்து எழுந்தவள். இப்போது ஓய்வு. எந்த பேங்க்குக்கும் ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

வட்டியை முதலில் முடித்துவிடுவோம். படிக்கிற பிள்ளையின் கணக்கில் சராசரியாக எவ்வளவு நிற்கும்? 800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 விழுக்காடு தருகிற கணக்கில் அது 16 வெள்ளி. கால் விழுக்காடு தருகிற சாதாரண சேமிப்புக் கணக்கில் 2 வெள்ளி. வித்தியாசம் ஆண்டுக்கு 14 வெள்ளி. மாமாக் உணவுக்கடையில் இரண்டு பேர் ஒருவேளை சாப்பிட்டால் தீர்ந்தது. இப்போது மறுபக்கம் பாருங்கள். வேறு பேங்க்கின் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 1 வெள்ளி. பெருந்தொற்றுக் காலத்தில் இதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியிலிருந்து மறுபடி பிடிக்கிறார்கள். விடுதிக்குப் பக்கத்தில் சொந்த பேங்க்கின் மெஷின் இல்லாமல் வாரம் இரண்டு முறை வெளியில் எடுத்தால் ஆண்டுக்கு 104 வெள்ளி போய்விடும். ஆகவே வட்டி அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, வளாகத்திலும் அவள் ஏறி இறங்கப் போகிற எல்ஆர்டி நிலையத்திலும் எந்த பேங்க்கின் மெஷின் நிற்கிறது என்று பாருங்கள். பதிவு நாளன்று மூட்டை முடிச்சோடு போகும்போதே கண்ணில் படும்.

ஆனால் மெஷின்கூட இரண்டாவது விஷயம்தான். வெளியூரில் படிக்கிற பிள்ளைக்குக் கணக்குத் தேடும்போது நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: ஏதாவது கெட்டுப்போகிற நாளில் இந்தக் கணக்கிலிருந்து எப்படிப் பணம் எடுப்பாள்? எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் எந்த பேங்க்கும் நல்ல பேங்க்தான்.

என் அண்ணன் மகன் கதையைக் கேளுங்கள். தைப்பிங் பையன், இங்கே படித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, துணி ஊறவைத்த வாளிக்குள் போன் விழுந்துவிட்டது. நண்பனிடம் கடன் வாங்கி லோ யாட் கடைத்தொகுதியில் ஒரு பழைய போன் வாங்கி, பேங்க் செயலியை இறக்கி, பெயரும் கடவுச்சொல்லும் போட்டால், புதுச் சாதனம், 12 மணி நேரம் காத்திருக்கவும் என்று வருகிறது. கார்டு எங்கேடா என்றால், தைப்பிங்கில், அலமாரியில். "எல்லாம் கியூஆர்தானே அத்தை, கார்டு எதுக்கு?" கணக்கில் 640 வெள்ளி இருக்கிறது, டிபிஎஸ் பஸ் முனையத்தில் டிக்கெட் எடுக்க வழியில்லை. முகம் சுண்டிப்போய் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சோறு போட்டு, 100 வெள்ளி கொடுத்து அனுப்பினேன். அத்தை இருந்தாள், தப்பித்தான்.

அந்த 12 மணி நேரத்துக்காக பேங்க்கைத் திட்டாதீர்கள். மோசடிகள் பெருகியதால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் எல்லா வங்கிகளுக்கும் சொன்ன ஏற்பாடு அது. குறுஞ்செய்தியில் டேக் எண் (ஒருமுறை ஒப்புதல் எண்) அனுப்புவதைப் படிப்படியாக விட்டு, ஒரே ஒரு போனில் உள்ள செயலி வழியாக மட்டும் ஒப்புதல் தரவேண்டும். புதுப் போனுக்கு மாறினால் ஒரு காத்திருப்பு நேரம் இருக்கவேண்டும் என்றார்கள். உங்கள் மகளின் போனைத் திருடியவன் உடனே கணக்கைத் துடைக்க முடியாமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் விளைவு என்ன? இப்போது கணக்கு என்பதே போன்தான். போன் போனால், கையில் கார்டு இல்லாவிட்டால், பணம் இருந்தும் பிச்சைக்காரி.

அதனால் என் பதில்: ஒரு கணக்கு போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் வேறு வேறு பேங்க்கில்.

முதல் கணக்கு கிளை உள்ள, மெஷின் நிறைய உள்ள பழைய வங்கி எதிலாவது இருக்கட்டும். பிடிபிடிஎன் பணம், உபகாரச் சம்பளம், நீங்கள் அனுப்புவது எல்லாம் அதில்தான் விழவேண்டும். எந்த பேங்க் என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் பதிவுக் குறிப்பையும் பிடிபிடிஎன் விண்ணப்பத்தையும் எடுத்துப் படியுங்கள். இன்ன வங்கிக் கணக்குதான் வேண்டும் என்று அங்கேயே போட்டிருந்தால் பேச்சு முடிந்தது. சிலர் இதைப் படிக்காமல் ஒரு பேங்க்கில் திறந்துவிட்டு, பதிவு நாளன்று வரிசையில் நின்று இன்னொன்று திறக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: பிடிபிடிஎன் கடனுக்கு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கும் வேண்டும். அது பேங்க் கணக்கு அல்ல, பிடிபிடிஎன்னின் சொந்தச் சேமிப்புத் திட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு எஸ்எஸ்பிஎன் எண்ணை பேங்க் எண் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கவுண்டரில் போய் உட்கார்ந்ததும் அந்த அதிகாரி பளபளப்பான ஒரு தாளை எடுத்து நீட்டுவார். இளையோர் கணக்கு, இலவசப் பை, காப்புறுதி என்று ஏதாவது இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கிறதா?" என்று நீங்களாகக் கேளுங்கள். மலாயில் அகாவுன் சிம்பானான் அசாஸ். பேங்க் நெகாரா சொல்லி வங்கிகள் வைத்திருக்கிற எளிய கணக்கு அது. 20 வெள்ளி இருந்தால் திறந்துவிடலாம். மாதம் 6 தடவை கவுண்டரிலும் 8 தடவை அந்த பேங்க்கின் சொந்த ஏடிஎம்மிலும் கட்டணமில்லாமல் செய்யலாம். படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம். பேங்க்குக்கு இதில் லாபம் கிடையாது, அதனால் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. நானும் வேலையில் இருந்தபோது கேட்டவர்களுக்குத்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். கையோடு டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் 8 வெள்ளி, சில கார்டுக்கு அதற்கு மேல்.

இஸ்லாமிய வங்கியில் நாம் திறக்கலாமா என்று நம் ஆட்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகத் திறக்கலாம். எந்தச் சமயத்தாருக்கும் திறந்திருக்கிறது. வட்டி என்று போடாமல் வேறு பெயரில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பழைய பிஎஸ்என் புத்தகத்துக்கு வருவோம். அஞ்சலகச் சேமிப்பிலிருந்து 1974-இல் பிறந்த பேங்க் அது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கெல்லாம் முதல் பாஸ்புக் அதுதான். சின்னப் பட்டணங்களிலும் இருக்கிறது என்பது அதன் பலம். ஆனால் உங்கள் மகளின் கணக்கில் பல ஆண்டாகப் போக்குவரத்து இல்லை என்றால் அது தூங்கிப் போயிருக்கும். ஓராண்டு அசைவில்லாத கணக்கை வங்கிகள் டோர்மன்ட் என்று ஒதுக்கி வைத்துவிடும். ஏழு ஆண்டு அப்படியே கிடந்தால் பணம் கோரப்படாத பணமாக அரசாங்கத்துக்குப் போய்விடும், பிறகு மனுப் போட்டு வாங்கவேண்டும். தூங்குகிற கணக்கின் எண்ணைப் பிடிபிடிஎன்னுக்குக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். ஆகவே மகளையும் அவள் அடையாள அட்டையான ஐசியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் எழுப்பிவிடுங்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது உங்கள் பொறுப்பில் திறந்த கணக்காக இருந்தால் அவள் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள். எழுப்பிய பிறகு அதையே முதல் கணக்காக வைத்துக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை.

இரண்டாவது கணக்குக்கு டிஜிட்டல் பேங்க் பொருந்தும். கிளையே இல்லாமல் போனுக்குள் மட்டும் இருக்கிற பேங்க். 2022-இல் ஐந்து நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். ஜிஎக்ஸ் பேங்க் 2023 கடைசியில் முதலாவதாக வந்தது, இயோன் பேங்க் அடுத்த ஆண்டு இஸ்லாமிய முறையில் வந்தது. ஐசியையும் முகத்தையும் போனுக்குக் காட்டினால் வீட்டில் உட்கார்ந்தே திறந்துவிடலாம். 18 வயது ஆகியிருக்கவேண்டும். வட்டியை நாள்தோறும் போடுவார்கள், பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு குஷி. உங்கள் வட்டி ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விளம்பரத்தில் பார்த்த விழுக்காடு நிலையாக இருக்கும் என்று எண்ணவேண்டாம். ஆரம்பத்தில் கூட்டிக் கொடுப்பதும் பிறகு குறைப்பதும் வியாபார வழக்கம். இதையே முதல் கணக்காக வைக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம், சிக்கல் என்றால் போய் நின்று கேட்க ஒரு கதவு இல்லை என்பதுதான். லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் இருந்த காலத்தில், அவசரமென்றால் இரவிலும் கதவைத் தட்டலாம் என்பதற்காகவே அங்கே கொடுத்து வைத்ததாக என் தாத்தா சொல்வார். எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது கணக்கில் 150 வெள்ளி இருந்தால் போதும், அதைத் தொடக்கூடாது. அந்தக் கார்டு பணப்பையில் இருக்கக்கூடாது. விடுதி அறையில், பெட்டிக்குள். பணப்பை மொத்தமாகப் போகிற நாளுக்காகத்தான் அது.

பணத்துக்குப் பாதுகாப்பு பற்றிக் கவலைப்படாதீர்கள். பிஐடிஎம் என்ற காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை உண்டு. டிஜிட்டல் பேங்க்குக்கும் உண்டு. பிஎஸ்என் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அது அரசாங்கத்தின் பேங்க். இ-வாலட்டில் போட்டு வைக்கிற பணத்துக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. டச் அண்ட் கோ இ-வாலட்டில் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளட்டும். தானாக ரீலோட் ஆகும் வசதியை அணைத்து வையுங்கள்.

இனி ஜாயின்ட் கணக்கு. தாய் மனம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். பிடிபிடிஎன் கடன் மாணவரின் சொந்தப் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும் என்பது ஒன்று. இன்னொன்று, அந்தக் கணக்கு எதற்காகவாவது முடக்கப்பட்டால் உங்கள் பணமும் சேர்ந்து மாட்டும். மூன்றாவதை அனுபவத்தில் சொல்கிறேன்: ஜாயின்ட் கணக்கு வைத்து, பிள்ளை கேஎப்சியில் 23 வெள்ளி கொடுத்ததைப் பார்த்து உடனே போன் போட்டுக் கேட்ட அப்பாக்கள் எத்தனையோ பேர். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை அப்பாவுக்குத் தெரியாமல் வேறு கணக்கு திறந்துவிடும். பிறகு நிஜமாக ஒரு சிக்கல் வரும்போது உங்களிடம் சொல்லாது.

அதற்குப் பதில் பணத்தை மாதத்துக்கு ஒருமுறை அனுப்பாமல் வாரத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். 400 வெள்ளியை முதல் தேதி ஒட்டுமொத்தமாகப் போட்டால் பதினெட்டாம் தேதி போன் வரும். திங்கட்கிழமைதோறும் 100 வெள்ளி போய்ச் சேரும்படி உங்கள் பேங்க் செயலியில் தானியங்கியாகப் போட்டு வைக்கலாம். டூயிட்நவ் எனும் உடனடிப் பணமாற்று வழியாக 5,000 வெள்ளி வரை கட்டணம் கிடையாது, எந்த பேங்க்கிலிருந்து எந்த பேங்க்குக்கும் அடுத்த நொடியில் போய்விடும். அதனால் இருவரும் ஒரே பேங்க்கில் இருக்கவேண்டும் என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. முதல் பருவத்துக்கு மட்டும் கூடுதலாக ஏதாவது ஒதுக்கி வையுங்கள். பிடிபிடிஎன் பணம் வந்து சேர நாளாகும், வருவதிலும் கல்விக் கட்டணம் போக மிச்சம்தான் அவள் கைக்கு.

கணக்கை எங்கே திறப்பது? முதல் கணக்கைச் சுங்கைப் பட்டாணியிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடுங்கள். மகளின் ஐசியோடு பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதமும் இருக்கட்டும். இப்போது இளம்பிள்ளை தனியாக வந்து கணக்கு திறக்கிறாள் என்றால் எதற்கு என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அங்கே திறப்பதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே சனியும் ஞாயிறும். கிளையில் ஏதாவது விவகாரம் வந்து இரண்டு ஊரிலும் ஆள் போய் நிற்கவேண்டியிருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள்தான். ஊருக்குக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. செயலி ஓடுகிறதா, பத்து வெள்ளி அனுப்பினால் போகிறதா, கார்டை மெஷினில் போட்டால் பின் எண்ணை ஏற்கிறதா, அவளே செய்து பார்க்கட்டும்.

கார்டில் மாற்றவேண்டியவை சில உண்டு. பின் எண் இல்லாமல் தட்டிவிட்டுப் போகிற பேவேவ் வசதிக்கு ஒரு தடவைக்கு 250 வெள்ளி வரை இடம் உண்டு. செயலியில் குறைத்து 50 ஆக்குங்கள். ஒரு நாளைக்கு எடுக்கும் தொகை ஆயிரக்கணக்கில் இருக்கும், அதையும் 300-க்குக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைத்தே இருக்கும். பாடத்துக்கான மென்பொருள் ஏதாவது வாங்கும்போது கார்டு ஏற்கவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். திறந்து, வாங்கி, மறுபடி அணைத்துவிடலாம். முக்கியமாக ஒன்று: பேங்க்கில் கொடுத்த போன் எண்ணை மாற்றக்கூடாது. கோலாலம்பூர் வந்ததும் மலிவான டேட்டா கிடைக்கிறதென்று புது சிம் போடுவார்கள், பழைய பிரீபெய்ட் எண் காலாவதியாகி வேறு யாருக்கோ போகும். பழைய எண்ணையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதைச் செய்யட்டும்.

இனிமேல் சொல்வதை மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

மேசை வேலைக்கு மாறிய பிறகு ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்களோடு ஒரு மாணவி வந்தாள். பத்தொன்பது வயது. சட்டைக் காலரில் கல்லூரி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. மூத்த மாணவன் ஒருவன் இணைய வியாபாரம் செய்கிறானாம், அவன் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டதாம், கார்டையும் பின் எண்ணையும் கொடுத்தால் மாதம் 300 வெள்ளி தருவானாம். கொடுத்தாள். மூன்று வாரத்தில் அவள் கணக்கு வழியாக யார் யாருடையதோ பணம் ஆயிரக்கணக்கில் வந்து போயிருந்தது. அவளுக்குக் கிடைத்தது 300 வெள்ளி, ஒரே ஒருமுறை. அறிக்கைத் தாளை நான் திருப்பிக் காட்டியபோது, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நான் இல்ல ஆன்ட்டி" என்றாள். கணக்கு அவள் பெயரில் இருந்தது.

மலாயில் இதற்கு அகாவுன் கெல்டாய் என்று பெயர், கழுதைக் கணக்கு. என்ன பொதி என்று தெரியாமல் சுமக்கிற கழுதை. 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதற்கென்றே தனிப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். சட்டப்படியான காரணம் இல்லாமல் கார்டையோ செயலியையோ கணக்கையோ அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே குற்றம். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கஷ்டம். அதோடு ஒருமுறை பெயர் அடிபட்டுவிட்டால் வேறு பேங்க்கிலும் கணக்கு திறப்பது பாடாகிவிடும். வேலைக்குப் போனால் சம்பளம் எங்கே போடுவார்கள்? காதலன் கேட்டாலும், அறைத்தோழி கேட்டாலும், "தெரியாமல் உன் கணக்கில் 500 பேங்க்-இன் பண்ணிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பு" என்று யாரோ அழுதாலும் கொடுக்கக்கூடாது. கடைசியில் சொன்னது நடந்தால், பணத்தைத் தொடாமல் பேங்க்குக்குச் சொல்லவேண்டும், அவர்கள் திருப்பிக்கொள்வார்கள்.

இதே விஷயம் மறுபக்கத்திலிருந்தும் வரும். இரண்டாம் ஆண்டில் விடுதி கிடைக்காமல் பந்தாய் டாலாம் பக்கமோ கெரிஞ்சி பக்கமோ அறை தேடுவாள். இணையத்தில் படம் அழகாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், முன்பணம் இன்றைக்கே போடு என்பார்கள். போலீஸின் வணிகக் குற்றப் பிரிவு செமாக் மியூல் என்று ஒரு தளம் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் அதில் தட்டினால் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று காட்டும். புகார் இல்லை என்பதால் நல்லவர் என்று ஆகாது. டூயிட்நவ்வில் அனுப்பும் முன் பெறுபவர் பெயர் திரையில் வருமே, வீட்டுக்காரர் பெயரும் அதுவும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். அறையை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடப் போடக்கூடாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உங்களுக்குப் போன் போடுவதற்கு முன்னால் 997-க்குப் போடச் சொல்லுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பேங்க்கின் அவசர எண்ணுக்கும் உடனே சொல்லவேண்டும். செயலியிலேயே கணக்கை ஒரே அழுத்தில் பூட்டும் வசதி இருக்கும், கில் சுவிட்ச் என்பார்கள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இப்போதே தேடிப் பார்த்து வைக்கட்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னவர்களுக்குத்தான் ஏதாவது மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் போனுக்குள் இருக்கிறதே, போன்தானே வாளிக்குள் விழும். அதனால் ஒரு சின்ன அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுங்கள்: இரண்டு கணக்கு எண், இரண்டு பேங்க்கின் அவசர எண், 997, உங்கள் எண். பின் எண்ணை எழுதாதீர்கள். அந்த அட்டையோடு 50 வெள்ளி நோட்டு ஒன்றையும் நான்காக மடித்து, மாணவர் அட்டையின் உறைக்குள் பின்பக்கமாகச் செருகிவிடுங்கள். என் அண்ணன் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். அவன் உறைக்குள் இன்னும் ஒன்று இருக்கிறது.